கொண்டோமினியம்: அடுக்குமாடி வேறு, கூட்டாதனம் வேறு

பொஸ்டன் நகரத்தின் பழைய பகுதியான பீக்கன் ஹில்லில் ஒரு சின்ன கொண்டோ, அதாவது கொண்டோமினியம் முறையில் தனியாக வாங்கக்கூடிய ஒரு வீடு, விலைக்கு வந்திருக்கிறது. அந்த விளம்பரத்தை யாரோ தமிழாக்கிப் பகிர, அது கைமாறிக் கைமாறி மட்டக்களப்புக்கும் வந்துவிட்டது. ‘வரலாற்று அயலில் சிறிய அடுக்குமாடி விற்பனைக்கு’ என்று போட்டிருக்கிறார்கள். முழுக் கட்டடத்தையும் விற்கிறார்கள் என்றுதான் படிப்பவர் நினைப்பார். கனடாவில் இருந்து வரும் வீட்டு விளம்பரங்களிலும் இதே பிழைதான்.

சொல்லின் பிறப்பு எளிது. இலத்தீனில் ‘கொன்’ என்றால் சேர்ந்து, ‘தொமினியும்’ என்றால் உடைமை, ஆளுகை. முதலில் இது அரசியல் சொல். 1899 முதல் 1956 வரை பிரித்தானியாவும் எகிப்தும் சேர்ந்து சூடானை ஆண்ட ஏற்பாட்டுக்கு இதுதான் பெயர். வீட்டுக்கு இது பரவலாக வந்தது பிறகுதான்: அமெரிக்கப் பக்கம் புவேர்ட்டோ ரிக்கோவில் 1958இல் சட்டம் வந்தது, யூட்டாவில் 1960இல், பொஸ்டன் இருக்கும் மசாசூசெட்ஸில் 1963இல். இலங்கையில் 1973ஆம் ஆண்டின் 11ஆம் இலக்கச் சட்டம்.

ஆக, கொண்டோமினியம் என்பது கட்டடத்தின் உருவத்தைச் சொல்லும் சொல்லே இல்லை. உரித்து எப்படிப் பங்கிடப்பட்டிருக்கிறது என்பதைச் சொல்வது. பீக்கன் ஹில்லில் இருப்பவை பெரும்பாலும் பத்தொன்பதாம் நூற்றாண்டின் செங்கல் வரிசை வீடுகள். ஒரு குடும்பத்துக்கென்று கட்டிய வீட்டைத் தளம் தளமாகப் பிரித்து, ஒவ்வொன்றுக்கும் தனி உறுதிப் பத்திரம் எழுதி விற்கிறார்கள். அதை அடுக்குமாடி என்றால், நமது ஆட்களின் கண்ணில் கொழும்பின் உயரமான கட்டடம்தான் வரும். இன்னொன்று, அடுக்குமாடியில் உள்ள வீடு வாடகை வீடாகவும் இருக்கலாம். கொண்டோ என்றால் அது ஒருவர் தன் பெயரில் உறுதி முடித்து வாங்கக்கூடியது. தமிழ்நாட்டில் ‘அடுக்ககம்’ என்கிறார்கள், நாம் ‘தொடர்மாடி’ என்கிறோம். இரண்டும் நல்ல சொற்கள்தான், தொடர்மாடி காதுக்கு இனிமையாகவும் இருக்கிறது. ஆனால் அவை கட்டடத்துக்கு உரியவை.

சரி, கொண்டோமினியத்துக்கு நம் இலங்கை அரச ஏடுகளில் புழங்கும் ‘கூட்டாதனம்’? உரிமையைத் தொட முயன்ற சொல் என்பதால் அதற்கு மதிப்புக் கொடுக்கிறேன். ஆனாலும் அது சரிவராது. ஆதனம் என்பது பொருள், சொத்து. ஆதன வரி என்கிறோமே, அந்த ஆதனம். மூலச்சொல் சொல்வதோ உடைமையை. ‘கூட்டு’ இன்னும் மோசம். கூட்டுக் குடும்பம், கூட்டுப் பண்ணை என்றால் எல்லாம் ஒன்றாகக் கலந்தது, இது என்னுடையது என்று பிரித்துக் காட்ட முடியாதது. கொண்டோவிலோ நாலு சுவருக்குள் உள்ள வீடு முழுக்க ஒருவருக்கே சொந்தம். நிலம், கூரை, படிக்கட்டு, வெளிச்சுவர் ஆகியவற்றில்தான் மற்றவர்களோடு பங்கு.

இந்த ஏற்பாடு நமக்கு அந்நியமானதும் இல்லை. மட்டக்களப்பில் தாய்வீட்டு வளவுக்குள்ளேயே அக்காவுக்கு ஒரு வீடு, தங்கைக்கு ஒரு வீடு என்று சீதனமாகக் கொடுப்பார்கள். அவரவர் வீடு அவரவருக்கு. கிணறும் படலைக்குப் போகும் வழியும் இருவருக்கும் பொது. உறுதியிலும் கிணற்றுப் பங்கு, வழியுரிமை என்று தனியாக எழுதுவார்கள். அந்த வளவைக் கூட்டுச் சொத்து என்று எந்த நொத்தாரிசும் எழுதமாட்டார். இவ்வளவு தெளிவான வழக்கு கையில் இருக்க, மொழிபெயர்ப்பாளர்கள் அகராதியின் முதல் சொல்லை எடுத்துவைத்துவிட்டுப் போவது எனக்குப் பொறுக்கவில்லை. அதே விளம்பரத்தில் வரும் ‘அயல்’ பக்கத்து வீட்டை நினைவூட்டுகிறது. மட்டக்களப்பின் புளியந்தீவை நாம் ‘பழைய நகரப் பகுதி’ என்போம், ‘வரலாற்று அயல்’ என்போமா?

தனியுடைமை, பொதுவுடைமை, நாட்டுடைமை எல்லாம் தமிழில் ஏற்கெனவே இருக்கின்றன. அந்த வரிசையில் ‘இணையுடைமை’ இயல்பாகப் பொருந்தும். இணைந்தவை கலந்துவிடுவதில்லை, தனித்தனியாக நின்றபடியே சேர்ந்திருக்கும். ஏற்பாட்டுக்கு இணையுடைமை, வாங்கும் பொருளுக்கு இணையுடைமை வீடு. பேச்சில் கொண்டோ என்பவர்கள் தாராளமாக அப்படியே சொல்லட்டும். அரைகுறைத் தமிழாக்கத்தைவிட அது தெளிவு.

அப்புறம், பொதுப் பகுதிகளைப் பேண மாதாமாதம் கட்டும் பணத்தை ‘மாத வாடகை’ என்று எழுதுவதையும் நிறுத்த வேண்டும். அது பராமரிப்புக் கட்டணம். கட்டுகிறவர் அந்த வீட்டின் சொந்தக்காரர், அவரைக் குடிக்கூலிக்கு இருப்பவராக்க மொழிபெயர்ப்பாளருக்கு உரிமை கிடையாது.