கன் பொருந்தினால் சார்ஜ் ஏறிவிடுமா?

நெடுஞ்சாலையில் இருக்கும் கார் சார்ஜிங் நிலையங்களைப் பராமரிப்பது என் வேலை. சார்ஜர் கேபிளின் முனையில் இருக்கும், காரில் செருகும் பிளக்கைத்தான் கன் என்போம். "மெஷின் சரியில்லை சார்" என்று வரும் புகார்களில் பல இடங்களில் மெஷினும் நன்றாக இருக்கும், காரும் நன்றாக இருக்கும், இரண்டுக்கும் ஒத்துப்போயிருக்காது.

இந்தியாவில் இப்போது விற்கும் மின்சாரக் கார்களில் பெரும்பாலானவற்றுக்கு டிசி (நேர் மின்னோட்ட) வேக சார்ஜிங் சிசிஎஸ்2 என்ற கன் வகை வழியாகத்தான். எம்ஜி காமெட் மாதிரி சில வண்டிகளில் டிசியே கிடையாது, டைப் 2 என்ற வகைக் கன்னில் வரும் ஏசி (மாறு மின்னோட்டம்) மட்டும்தான். அதை 60 கிலோவாட் டிசி மெஷின் முன்னால் நிறுத்திப் பயனில்லை. ஸ்கூட்டர் கதை தனி. ஏத்தரும் விடாவும் ஒரே கன்னைப் பயன்படுத்துகின்றன, ஓலாவுக்கு வேறு.

சரி, கன் பொருந்திவிட்டது. போர்டில் 120 கிலோவாட் என்று போட்டிருக்கிறதே, எனக்கு ஏன் 45தான் வருகிறது என்று சண்டைக்கு வருவார்கள். உங்கள் பேட்டரி 350 வோல்ட், கன் தருவது அதிகபட்சம் 200 ஆம்பியர் என்றால் கணக்கே 70 கிலோவாட்தான், அதிலும் கார் தன் வரம்புக்கு மேல் வாங்காது, பக்கத்துக் கன்னில் இன்னொருவர் இருந்தால் சில மெஷின்களில் பங்கும் போட வேண்டும். 800 வோல்ட் பேட்டரி உள்ள கார் 500 வோல்ட்டோடு நிற்கும் பழைய சார்ஜருக்கு வந்தால் இன்னும் சிக்கல். ஐயானிக் 5 தன் மோட்டார் இன்வெர்ட்டரை வைத்தே வோல்ட்டேஜை உயர்த்திச் சமாளிக்கும், வேகம் குறையும்.

எனக்கு அதிகம் வேலை வைப்பது காரும் சார்ஜரும் பேசிக்கொள்வதுதான். மின்சாரம் பாயும் முன் இரண்டும் நெறிமுறையை ஒத்துக்கொண்டு, கார் தன் வரம்பைச் சொல்லி, சார்ஜர் கேபிளின் இன்சுலேஷனைச் சோதித்து, வோல்ட்டேஜைப் பேட்டரி அளவுக்குக் கொண்டுவந்த பிறகுதான் மின்சாரத்தைப் பாயவிடும் சுவிட்சான கான்டாக்டர் மூடும். இதில் எங்கே பதில் தாமதமானாலும் முயற்சி ரத்து. பல நேரம் காரணம் சப்பென்று இருக்கும். கேபிள் கனத்தில் கன் கீழே தொங்கி, அதன் உலோகப் பின் சரியாகத் தொடாது. லாக் விழும்வரை கையால் தாங்கிப் பிடியுங்கள். அப்படியும் வரவில்லையா, கன்னை எடுத்துவிட்டு, ஓரிரு நிமிடம் கழித்து அடுத்த கன்னில் பாருங்கள்.

ஆன்லைனில் விற்கும் மலிவு டிசி அடாப்டர் மட்டும் வேண்டாம். சாடெமோ, ஜிபி/டி என்ற மற்ற டிசி வகைகள் இரண்டும் காருடன் பேசுவது கேன் என்ற தகவல் இணைப்பு வழியாக, சிசிஎஸ்2 பேசுவது வேறு விதமாக. வெறும் பின்னை மாற்றி வைத்தால் எதுவும் நடக்காது. லாக் இல்லாத அடாப்டர் சார்ஜ் ஏறும்போது கழன்றால் டிசியில் தீப்பொறி ஏசியைப் போலத் தானாக அணையாது.

அப்புறம், புகார் செய்யும்போது திரையில் வந்த எரர் கோடையும் கன் எண்ணையும் ஒரு போட்டோ எடுத்து அனுப்புங்கள். "சார்ஜ் ஆகலை" என்று மட்டும் சொன்னால் எங்கே தேடுவது?