கேம்பெல் குலச் சின்னம்: யார் எதை அணியலாம்?

கேம்பெல் என்பது ஸ்காட்லாந்தின் குலங்களில் ஒன்று. எடின்பரோவின் நினைவுப்பொருள் கடைகளில் ‘கேம்பெல் குடும்பச் சின்னம்’ என்று கோப்பையிலும் சாவிக்கொத்திலும் அச்சிட்டு விற்கிறார்கள். சட்டப்படி அப்படி ஒன்று கிடையாது. ஸ்காட்லாந்தில் கேடயச் சின்னம் தனி ஆளின் சொத்து; குடும்பத்துக்கோ பெயருக்கோ சேர்ந்ததல்ல. கேம்பெல் என்று விற்கப்படும் கேடயம் குலத்தலைவர் ஆர்கைல் டியூக் ஒருவருக்கே உரியது.

அந்தக் கேடயத்தைக் கொஞ்சம் உற்றுப் பார்க்கலாம். நான்கு கட்டங்கள். முதல் கட்டத்திலும் நான்காவதிலும் நடுப்புள்ளியிலிருந்து பிரியும் எட்டு முக்கோணத் துண்டுகள், பொன்னும் கறுப்பும் மாறி மாறி. இதுதான் கேம்பெல் அடையாளம். மற்ற இரண்டில் வெள்ளித் தளத்தில் பாய் சுருட்டிய கறுப்புப் படகு. படகு லோர்ன் பிரபுத்துவத்துடையது. முதல் ஆர்கைல் பிரபு கொலின், 15ஆம் நூற்றாண்டில் லோர்ன் ஸ்டூவர்ட் வீட்டில் பெண்ணெடுத்த வழியில் வந்து சேர்ந்தது. கேடயத்துக்குப் பின்னால் குறுக்கே கிடக்கும் கோலும் வாளும் பரம்பரைப் பதவிகளுக்கானவை. தலைக்கவசத்தின் மேல் வரும் முகட்டுச் சின்னம் பொன்னிறக் காட்டுப்பன்றித் தலை. முழக்கம் லத்தீனில், ‘நே ஒப்லிவிஸ்காரிஸ்’: மறவாதே.

கிளைகள் இதையே மாற்றி அமைத்துக்கொண்டன. லவுடன் கேம்பெல்கள் அதே எட்டுத் துண்டை வைத்துக்கொண்டு, பொன்னுக்கும் கறுப்புக்கும் பதில் எர்மின் மென்மயிர்த் தோலையும் சிவப்பையும் போட்டார்கள். வடிவம் உறவைச் சொல்லும், நிறம் கிளையைச் சொல்லும்.

சரி, சாதாரண கேம்பெல் ஒருவருக்கு என்ன உரிமை? தலைவரின் பன்றித்தலையை, முழக்கம் எழுதிய பெல்ட்டும் பக்கிளும் சுற்றி வளைத்த வட்டத்துக்குள் வைத்து, தொப்பியிலோ உடையிலோ குத்திக்கொள்ளலாம். யாரிடமும் அனுமதி கேட்க வேண்டாம், கட்டணமும் இல்லை. அந்த பெல்ட்தான் இதில் முக்கியம். ‘சின்னம் என் தலைவருடையது, நான் அவரைச் சேர்ந்தவன்’ என்று பொருள். பெல்ட்டை எடுத்துவிட்டுப் பன்றித்தலையை மட்டும் மோதிரத்திலும் கடிதத்தாளிலும் வீட்டு வாசலிலும் போட்டால், அது தன்னுடையது என்று உரிமை கொண்டாடுவதாகும், அது கூடாது.

திருமணத்துக்கு உடை வாங்குவோர் அதிகம் சறுக்கும் இடம் இறகு. பெல்ட் இல்லாத வெறும் வட்டமும் அதற்குப் பின்னால் கழுகிறகும் பார்க்க எடுப்பாக இருக்கும். கடைக்காரர் எடுத்துக் கொடுத்துவிடுவார். ஆனால் மூன்று இறகு குலத்தலைவருக்கு, இரண்டு கிளைத்தலைவருக்கு, ஒன்று சொந்தமாகச் சின்னம் பதிந்தவருக்கு. மற்றவருக்கு இறகே இல்லை.

சொந்தக் கேடயம் வேண்டுமென்றால் எடின்பரோவில் நியூ ரெஜிஸ்டர் ஹவுஸில் இயங்கும், சின்னங்களை வழங்கிப் பதியும் லார்ட் லயன் நீதிமன்றத்துக்கு மனுச் செய்ய வேண்டும். முதலில் வம்சாவளியைச் சரிபாருங்கள். மூதாதை எவராவது ஏற்கெனவே சின்னம் பதிந்திருந்தால், நீங்கள் கேட்க வேண்டியது புதுச் சின்னம் அல்ல. அவருடையதில் வேறுபாடு சேர்த்த மறுபதிவு. அப்படி யாரும் இல்லையென்றால் புதிய வழங்கல். மனுவோடு பிறப்பு, திருமணச் சான்றுகள் தலைமுறை தலைமுறையாக ஒன்றோடொன்று பொருந்த வேண்டும். பெயர் ஒற்றுமையை மட்டும் காட்டினால் உறவு நிரூபணமாகாது. அப்போது தலைவரின் கேடயத்தைத் தழுவி, ஆனால் தெளிவாக வேறுபட்ட ஒன்றுதான் கிடைக்கும். கேடயம் மட்டும் கேட்டால் கட்டணம் குறைவு. முகட்டுச் சின்னமும் முழக்கமும் சேர்ந்தால் கூடும். முடிவில் கையால் வரைந்த சாசனம் வரும், படியொன்று 1672இல் தொடங்கிய பொதுப் பதிவேட்டில் ஏறும்.

பதிந்தபின் பிள்ளைகளுக்கு? மூத்த வாரிசு, தந்தை இருக்கும்வரை, கேடயத்தின் மேல் மூன்று பல் கொண்ட பட்டையைச் சேர்த்து அதைத் தாங்கலாம். தந்தைக்குப் பின் பட்டை நீங்கும். இளையவர்கள் தனித்தனியே மறுபதிவு செய்தாக வேண்டும். வழக்கமாக விளிம்பில் ஒரு கரை சேரும். எந்த மகன் என்பதைக் கரையின் நிறமும், அடுத்த தலைமுறையை அதன் நெளிவும் காட்டும். ‘அப்பாவுடையதுதானே’ என்று அப்படியே எடுத்து மாட்டுவது இங்கே செல்லாது.

மீறினால்? 1592, 1672 ஆண்டுச் சட்டங்கள் இன்றும் நடப்பில் உள்ளன. 1672 சட்டப்படி அபராதம் 100 ஸ்காட்ஸ் பவுண்டு. ஸ்காட்லாந்தும் இங்கிலாந்தும் இணைந்த 1707 ஒன்றிப்பின் கணக்கில் 12 ஸ்காட்ஸ் பவுண்டுக்கு ஒரு ஸ்டெர்லிங்; ஆக எட்டே சொச்சம் பவுண்டுதான். பயப்பட வேண்டியது சின்னம் பொறித்த பொருள்களைப் பறிமுதல் செய்யும் அதிகாரத்துக்குத்தான். நீதிமன்றத்துக்குத் தனி அரசு வழக்கறிஞர் இருக்கிறார். ஆனாலும் வழக்குக்கு முன் எச்சரிக்கைக் கடிதம் வருவதே வழக்கம். பெரும்பாலோர் அதோடு திருத்திக்கொள்கிறார்கள்.

டார்டன் எனப்படும் கட்டம் போட்ட துணி இந்த ஏற்பாட்டுக்குள் வராது. அதற்கு 2009இல் தொடங்கிய தனிப் பதிவேடு இருக்கிறது. கேம்பெல்களின் பச்சை நீலக் கட்டத்தை கேம்பெல் அல்லாதவரும் தாராளமாக அணியலாம்.