விட்ரியஸ் ஹெமரேஜ்: கண்ணுக்குள் ஆடும் ஒட்டடை

"முகப்பிலே ஒட்டடை தொங்குது, ஆளை விட்டு அடிக்கச் சொல்லு" என்று ஆயா இரண்டு நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார்கள். காரைக்குடிப் பக்கத்துப் பெரிய வீடுகளில் இது புதிய புகார் இல்லை. உத்தரம் இருக்கும் உயரத்துக்குக் கம்பு எட்டாது. ஆள் வந்து அடித்த பிறகும் ஒட்டடை ஆடியது. "நான் பார்க்கிற பக்கமெல்லாம் கூடவே வருதப்பா" என்று சொன்னபோதுதான் எங்களுக்கு உறைத்தது. வலி இல்லை, சிவப்பு இல்லை. மதுரையில் மருத்துவர் சீட்டில் எழுதிக் கொடுத்தார்: விட்ரியஸ் ஹெமரேஜ்.

லத்தீனில் 'விட்ரம்' என்றால் கண்ணாடி. கண்ணின் வில்லைக்கும் விழித்திரைக்கும் நடுவே நிறைந்திருக்கும் தெளிந்த வழவழப்பான பொருளுக்கு அதனால் 'விட்ரியஸ்' என்று பெயர். ஏறக்குறைய 4 மில்லிலிட்டர், பெரும்பகுதி தண்ணீர்தான். பார்க்க முட்டை வெள்ளைக்கரு மாதிரி இருக்கும் (நம் வீட்டுச் சுவர்களில் சுண்ணாம்போடு அரைத்துப் பூசினார்களே, அதேதான்). 'ஹெமரேஜ்' கிரேக்கம். முன்பாதி ரத்தம், ஹீமோகுளோபினில் வரும் அதே 'ஹீமோ'. பின்பாதிக்கு உடைத்துக்கொண்டு வருதல் என்று பொருள்.

வேடிக்கை என்னவென்றால், அந்தக் கூழில் ரத்தக்குழாயே கிடையாது. உடைவது பக்கத்தில், விழித்திரையில். சர்க்கரை நோய் நாள்பட்டால் அங்கே புதிய குழாய்கள் முளைக்கும். பலமில்லாதவை, லேசில் உடையும். ஆயாவுக்கு நடந்தது அதுதான். வயதானால் கூழ் சுருங்கி விழித்திரையை இழுத்துக் கிழிப்பதும் உண்டு. அடிபட்டாலும் வரும்.

சரி, தமிழில் என்ன சொல்வது? சொல்லுக்குச் சொல் மாற்றினால் 'கண்ணாடி ரத்தக்கசிவு'. மூக்குக் கண்ணாடி உடைந்து குத்திவிட்டதா என்று கேட்பார்கள். நம் 'கண்ணாடி'க்குள்ளேயே 'கண்' இருப்பது வேறு குழப்பம். பொருளின் தன்மையைப் பிடிப்பது நல்லது: ஜெல் ஒரு வகைக் கூழ்மம்தானே, ஆகவே 'விழிக்கூழ்மக் குருதிக்கசிவு'. எழுத்துக்கு இது போதும். வாயால் சொல்ல 'கண்ணுக்குள் ரத்தக்கசிவு' என்றாலே எந்த ஆச்சிக்கும் விளங்கும். 'கண்ணில் ரத்தம்' என்று மட்டும் சொல்லக் கூடாது என்பேன். அதைக் கேட்டால் வெள்ளை விழி சிவப்பதுதான் மனதில் வரும். இருமினாலோ முக்கினாலோகூட வெள்ளை விழியை மூடிய மெல்லிய படலத்தின் அடியில் ரத்தம் கட்டி விழி செக்கச்செவேலென்று ஆகும். வலியோ பார்வைக் குறைவோ இல்லையென்றால் பெரும்பாலும் ஓரிரு வாரத்தில் தானே கரையும். அதற்குப் பதறி ஓடுகிறோம். வெளியே ஒன்றும் தெரியாத உள்கசிவுக்கு ஒட்டடைக் கம்பு தேடுகிறோம்.

ஹைபீமா என்பது இன்னொன்று. கிட்டிப்புள் தெறித்துக் கண்ணில் பட்டால், கருவிழியை முன்னால் மூடிய தெளிந்த படலத்துக்குப் பின்னால் உள்ள முன்னறையில் ரத்தம் தேங்கும். இதை 'முன்னறைக் குருதித் தேக்கம்' எனலாம். கண் அழுத்தம் ஏறும் ஆபத்து இருப்பதால் அன்றைக்கே காட்ட வேண்டும்.

திடீரென்று பூச்சி பறப்பது, புகை படர்வது, மின்னல் வெட்டுவது, ஓரத்தில் திரை விழுவது, எல்லாம் சிவப்பாகத் தெரிவது: இதில் எது வந்தாலும் அதே நாளில் கண் மருத்துவரிடம் போக வேண்டும். கண்ணைக் கசக்கக் கூடாது, வீட்டுச் சொட்டு மருந்து எதுவும் விடக் கூடாது. ரத்தம் மறைத்து விழித்திரை தெரியாவிட்டால் ஒலி அலை ஸ்கேன் எடுத்துக் கிழிசல் இருக்கிறதா என்று பார்ப்பார்கள். கிழிசல் இருந்தால் காத்திருக்க முடியாது. இல்லையென்றால் சில வாரம் பொறுப்பார்கள். தேவைக்கேற்ப லேசர், ஊசி, கடைசியில் கூழை அகற்றும் விட்ரெக்டமி. ரத்தம் உறையாமல் இருக்கச் சாப்பிடும் இதய மாத்திரையை மருத்துவரைக் கேட்காமல் நிறுத்தவே கூடாது.

ஆயாவைத் தலையணை உயர்த்திப் படுக்கச் சொன்னார்கள், ரத்தம் கீழே படியட்டும் என்று. பத்து நாள் கழித்துக் கேட்டேன். "கீழே தெளிஞ்சிருச்சு, மேலேதான் நிக்குது" என்றார்கள். சரிதான், விழித்திரையில் காட்சி தலைகீழாக விழுவதால், கண்ணில் கீழே படிந்த ரத்தம் பார்வையில் மேல்பக்கத்தை மறைக்கும். ஆயா அண்ணாந்து பார்த்துவிட்டுச் சொன்னார்கள்: "ஒட்டடை உத்தரத்துக்கே போயிருச்சு."