குதிரை முடி ஷேவிங் பிரஷ் தண்ணிய எப்படி புடிச்சு வைக்குது, எப்படி விடுது

பர்மாவுல மௌல்மீன்லேருந்து ஒரு தம்பி கேட்டிருந்தாரு. "அண்ணே, எங்க வீட்ல பன்னி முடி பிரஷ் ஆகாது, நைலான் பிரஷ் கன்னத்த சுரண்டுது, குதிரை முடியில நாமளே கட்டினா நுரை வருமா?" வரும் தம்பி, நல்லாவே வரும். நான் ரெண்டு கட்டிருக்கேன். முதல் பிரஷ் ஒரே வாரத்துல முடி கொட்டிப்போச்சு, ரெண்டாவதுல தான் இப்ப தினமும் ஷேவ் பண்றேன்.

முடி கிடைச்சது மேமியோங்கற மலை ஊர்ல. அங்க கலர் கலரா பெட்டி வச்ச குதிரை வண்டி இன்னும் ஓடுதுல்ல, ஒரு வண்டிக்கார பாய்கிட்ட கேட்டேன், வால் சீவும்போது சீப்புல வர்ற முடியையும், பிடரிய கத்தரிச்சப்ப விழுந்ததையும் ஒரு பை நிறைய குடுத்தாரு. வால் முடி ஒண்ண எடுத்து விரல்ல உருட்டிப் பாத்தா மெல்லிசான தூண்டி நரம்பு மாதிரி விறைப்பா இருக்கும். பிடரி முடி பட்டு நூல் மாதிரி வழுக்கிட்டுப் போகும். இந்த வித்தியாசத்த மனசுல வச்சுக்கங்க, முழு விஷயமும் இதுல தான் இருக்கு.

அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லியாகணும். முதல் உலகப்போர் சமயத்துல பிரிட்டிஷ், அமெரிக்க சிப்பாய்ங்க நிறைய பேருக்கு முகத்துலயும் கழுத்துலயும் ஆந்த்ராக்ஸ்னு கால்நடைகிட்டேருந்து தொத்தற நோய் வந்துச்சு, காரணம் சரியா சுத்தம் பண்ணாத குதிரை முடியில செஞ்ச ஷேவிங் பிரஷ். ஜப்பான்லேருந்து வர்ற ஷேவிங் பிரஷ்ஷையே பிரிட்டன் 1920ல தடை பண்ணுச்சு. அந்தக் கிருமி ஸ்போர்னு ஒரு கூட்டுக்குள்ள போய் வருஷக்கணக்கா தூங்கும், சோப்புத் தண்ணியில கழுவினா சாகாது. அதனால செத்த மிருகத்து முடி வேணவே வேணாம், எங்கேருந்து வந்துச்சுன்னு தெரியாத முடியும் வேணாம், உயிரோட ஆரோக்கியமா இருக்கற குதிரைகிட்டேருந்து உங்க கண்ணு முன்னாடி எடுத்த முடி மட்டும் போதும். அதையும் துணியில முடிஞ்சு பிரஷர் குக்கர்ல தண்ணிக்கு மேல தட்டுல வச்சு, வெயிட் போட்டு அரை மணி நேரம் ஆவி காட்டுங்க. உள்ள 120 டிகிரி கிட்ட போகும். சோம்பேறித்தனம் பாக்காதீங்க.

கட்டற வேலை பெரிய வித்தை இல்ல. பாத்திரம் கழுவற சோப்புல ரெண்டு மூணு தடவை அலசி, காயவச்சு, சீவி, நுனி எல்லாம் ஒரே பக்கம் வர்ற மாதிரி அடுக்கணும். முட்டை வடிவத்துல அடி குழிஞ்ச ஒரு கிண்ணத்துல நுனி கீழ இருக்கற மாதிரி நிக்கவச்சு மெதுவா தட்டினா நுனியெல்லாம் அந்த வளைவுக்கு தானா இறங்கிக்கும். பிரஷ் தலைய கத்தரியால வெட்டி ஷேப் பண்ணக்கூடாது, வெட்டின முனை கன்னத்துல முள்ளு மாதிரி குத்தும். அப்புறம் அடிய நூலால இறுக்கிக் கட்டி, தேக்குல கடைஞ்ச கைப்பிடி குழிக்குள்ள எபாக்சி பசை ஊத்தி நட்டுட வேண்டியது தான். என் முதல் பிரஷ் கொட்டினது இங்க தான், அடிமுடியில எண்ணெய்ப் பிசுக்கு சரியா போகல, எபாக்சி முடிய புடிக்காம பிசுக்க புடிச்சுக்கிச்சு. கைப்பிடிக்கு பகான் அரக்குப் பாத்திரத்துக்குப் பூசற மரப்பால், அந்த திட்சி, அதையே பூசினேன். அது ஈரக் காத்துல தான் இறுகும், நம்ம மழைக்காலத்துக்குன்னே பொறந்த பெயிண்ட். காயறதுக்குள்ள மட்டும் தோல்ல படாம பாத்துக்கங்க, அரிச்சு எடுத்துடும்.

இப்ப விஷயத்துக்கு வர்றேன். ஏன் வாலும் பிடரியும் கலக்கணும்? ஸ்பெயின்ல இன்னமும் குதிரை முடி பிரஷ் செய்யறவங்க இருக்காங்க, அவங்களும் கலந்து தான் கட்டறாங்க. ஒரு கம்பியோ முடியோ வளையறதுக்கு எவ்வளவு முரண்டு புடிக்கும்ங்கறது அதோட தடிமனோட நாலாம் படியப் பொறுத்தது. தடிமன் ரெண்டு மடங்குன்னா முரண்டு 16 மடங்கு. மேசை ஓரத்துல ஒரு வால் முடியையும் ஒரு பிடரி முடியையும் டேப் போட்டு ஒட்டி, நாலு விரக்கடை வெளிய நீட்டி விட்டு, ரெண்டு நுனியிலயும் ஒரே அளவு சின்ன காகிதத் துண்டு ஒட்டிப் பாருங்க. பிடரி முடி தலை கவுந்து தொங்கும், வால் முடி லேசா குனிஞ்சுட்டு அப்படியே நிக்கும். கண்ணால பாக்க தடிமன்ல அவ்வளவு வித்தியாசம் தெரியாது, வளைவுல பளிச்சுன்னு தெரியும்.

இப்ப இன்னொரு கணக்கு. ஒரே எடை முடி, ஆனா தடிமன் பாதின்னு வச்சுக்கங்க. எண்ணிக்கை 4 மடங்கு, தண்ணி ஒட்டற மேற்பரப்பு 2 மடங்கு, ஆனா மொத்தக் கட்டோட விறைப்பு கால் பங்கா விழுந்துடும். அப்ப மெல்லிசு தண்ணிக்கு நல்லது, தடிசு விறைப்புக்கு நல்லது, ரெண்டும் ஒரே முடியில கிடைக்காது. நான் பாதிக்குப் பாதி கலந்தேன்.

தண்ணி எப்படி நிக்குதுன்னா, ஸ்கூல்ல மெல்லிய கண்ணாடிக் குழாய்ல தண்ணி ஏறறத பாத்திருப்பீங்க, அதே நுண்புழை விசை தான். 0.1 மில்லிமீட்டர் ஆரம் உள்ள குழாய்ல தண்ணி 15 சென்டிமீட்டர் கிட்ட ஏறும். நம்ம பிரஷ் முடி வெறும் 5 சென்டிமீட்டர், இடுக்கெல்லாம் அதே அளவு தான், அதனால பிரஷ்ஷ தூக்கிப் புடிச்சா பூமி இழுக்கற இழுப்பால தண்ணிய முழுசா கீழ இறக்க முடியாது. முடியும் தண்ணி குடிக்கும். நம்ம தலைமுடி நனைஞ்சா தன் எடையில மூணுல ஒரு பங்கு கிட்ட தண்ணி ஏத்திக்கும், குறுக்க சுமார் 15 சதம் பெருக்கும், நீளத்துல 2 சதம் கூடினா அதிகம். குதிரை முடியும் அதே கெரட்டின்ங்கற புரதம் தான், ஊறினா இளகும், அதான் வெந்நீர்ல ரெண்டு நிமிஷம் ஊறவச்சுட்டு ஆரம்பிங்கன்னு சொல்றது.

தண்ணியிலேருந்து பிரஷ்ஷ எடுத்த உடனே பாருங்க, முடியெல்லாம் கூம்பு மாதிரி ஒண்ணா ஒட்டிக்கும். தண்ணியோட பரப்பு இழுவிசை கட்டி இழுக்குது, முடியோட விறைப்பு விரிக்கப் பாக்குது, அங்க ஒரு கயிறு இழுக்கற போட்டி. சோப்பு மேல தேச்சதும் அந்த இழுவிசை பாதிக்கும் கீழ எறங்கிடும், மீட்டருக்கு 72 மில்லிநியூட்டன்லேருந்து 30 பக்கம். போட்டியில வால் முடி ஜெயிக்குது, பிரஷ் பூ மாதிரி விரியுது, விரியும்போது காத்த உள்ள இழுக்குது, கன்னத்துல அமுக்கும்போது அந்தக் காத்து பத்தாயிரத்துக்கு மேல இருக்கற முடி இடுக்கு வழியா பொடிப்பொடியா உடைஞ்சு வெளிய வருது. அது தான் நுரை. பிரஷ் மூச்சு விடுது! தண்ணிய கெட்டியா புடிச்சு வச்சிருந்ததும் இழுவிசை தான், சரியான நேரத்துல சோப்பு வந்து அந்தப் புடிய தளத்தி விடறதும் அதே இடத்துல தான். நான் இத எத்தனை தடவை பாத்தாலும் எனக்கு அலுக்கல.

இந்தப் பரப்பு இழுவிசைய ஒழுங்கா அளந்தவங்கள்ல ஒருத்தர் ஆக்னஸ் பாக்கெல்ஸ், ஜெர்மனியில தன் வீட்டு வேலைய பாத்துக்கிட்டே சமையலறையில தகரத் தொட்டி வச்சு சோதனை பண்ணின பெண். இங்கிலாந்து இயற்பியல் விஞ்ஞானி ரேலே பிரபுவுக்கு கடிதம் எழுதினாங்க, அவர் உதவியால 1891ல நேச்சர் இதழ்ல வந்துச்சு. நுரைக்கும் சோப்புக்கும் எதுக்கு ஆராய்ச்சிக் காசுன்னு கேக்கறவங்ககிட்ட நான் இத தான் சொல்வேன். யானை வால் முடி மோதிரத்துக்கு காசு தயங்காம குடுக்கறோம், அந்த முடி ஏன் வளைச்சாலும் உடையாம நிமிருதுன்னு ஒரு பையன் அளக்க ஆசைப்பட்டா அவனுக்கு ஒரு நல்ல தராசு வாங்கிக் குடுக்க மாட்டேங்கறோம். எனக்கு இது ரொம்ப வருத்தம்.

என் பிரஷ்ல ஒரு சிக்கல் வந்துச்சு. ரங்கூன்ல பொங்கின அதே பிரஷ், அதே சோப்பு, மேமியோ சொந்தக்காரங்க வீட்ல கல்யாணத்துக்குப் போனப்ப நுரையே வரல, வெள்ளையா திரிதிரியா முடியில ஒட்டிக்கிச்சு. பிரஷ் போச்சுன்னே நெனச்சேன். அப்புறம் தான் உறைச்சது, அந்தப் பக்கம் பூரா சுண்ணாம்புக்கல் பாறை, பெய்க்சின்மியாங் குகையே அதுல உருவானது தான். கிணத்துத் தண்ணியில கால்சியம், அது சோப்புல இருக்கற கொழுப்பு அமிலத்த புடிச்சுக்கிட்டு கரையாத படிவமா ஆக்கிடுது, நுரைக்க சோப்பே மிஞ்சல. மறுநாள் ஓட்டுலேருந்து வழிஞ்ச மழைத் தண்ணிய ஒரு டம்ளர் புடிச்சு பண்ணினேன், ரங்கூன்ல மாதிரியே பொங்கிச்சு. முடியில ஒட்டின படிவம் வினிகர் கலந்த தண்ணியில ஊறவச்சதும் போயிடுச்சு.

தம்பி, இன்னொண்ணும் கேட்டிருந்தீங்க, காயவைக்க தலைகீழா தொங்கவிடணுமான்னு. மேல சொன்ன 15 சென்டிமீட்டர் கணக்கப் பாருங்க, தொங்கவிட்டா பெருசா ஒண்ணும் இறங்காது. நாலு உதறு உதறுங்க, துண்டுல ஒத்தி எடுங்க, ஜன்னல் காத்து படற இடத்துல நிக்கவைங்க. உங்க ஊர்ல இப்ப அடிக்கற மழைக்கு ஒரு நாள்ல காயாது, ரெண்டு பிரஷ் கட்டி மாத்தி மாத்தி வச்சுக்கங்க.