ஃபார்மட் பண்ணச் சொல்வதற்கு முன்

"ரொம்ப ஸ்லோவா இருக்கு, ஃபார்மட் பண்ணிக் கொடுத்துடுங்க."

வீட்டுக் கம்ப்யூட்டர்களைச் சரிசெய்வது என் தொழில். வருகிறவர்களில் பெரும்பாலோர் முதலில் சொல்வது இதைத்தான். என்ன கோளாறு என்று சொல்வதற்கு முன்பே மருந்தைச் சொல்லிவிடுகிறார்கள். ஃபார்மட் என்பது வீட்டை மொத்தமாகக் காலி செய்துவிட்டுத் திரும்பக் குடிவருவது போன்றது. குழாய் ஒழுகுகிறது என்பதற்காக யாரும் வீட்டைக் காலி செய்வதில்லை. என் மேஜைக்கு வருகிறவற்றில் பலவும், வீட்டிலேயே பத்து நிமிடம் உட்கார்ந்து பார்த்தால் சரியாகிவிடக்கூடியவை. அவசரப்பட்டு ஃபார்மட் போட்டதில் படங்களையும் பத்திரங்களையும் இழந்தவர்களைப் பார்த்திருக்கிறேன். அந்த வருத்தத்தில்தான் இதை எழுதுகிறேன். இங்கே சொல்வதெல்லாம் விண்டோஸ் 10, 11 இரண்டுக்கும் பொருந்தும்.

நான் கேட்கும் முதல் கேள்வி, "கடைசியா எப்ப ரீஸ்டார்ட் பண்ணீங்க?" ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் இதற்குக் கோபித்துக்கொண்டார். "தம்பி, நான் தினமும் ராத்திரி ஷட் டவுன் பண்ணிட்டுத்தான் படுக்கப் போறேன்." அவர் சொன்னது உண்மைதான். கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்தி டாஸ்க் மேனேஜரைத் திறந்து, பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் சிபியு என்பதைச் சொடுக்கிக் காட்டினேன். கீழே 'அப் டைம்' என்று ஒரு வரி இருக்கும். கணினி எவ்வளவு நேரமாக ஓடிக்கொண்டிருக்கிறது என்பதை நாள், மணி, நிமிடம், நொடி என்று காட்டும். அவருடைய கம்ப்யூட்டரில் நாள் 41 என்று இருந்தது. கண்ணாடியைக் கழற்றித் துடைத்துவிட்டுத் திரும்பவும் பார்த்தார்.

காரணம் இதுதான். 2012-இல் வந்த விண்டோஸ் 8 முதல் 'ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்' என்ற ஏற்பாடு இருக்கிறது. ஷட் டவுன் கொடுத்தால் நீங்கள் திறந்து வைத்தவை மூடப்படும். ஆனால் விண்டோஸின் உள்மையமும் டிரைவர்களும் (பிரிண்டர், வைஃபை போன்றவற்றை இயக்கும் சிறு மென்பொருள்கள்) இருக்கும் நிலை அப்படியே டிஸ்கில் எழுதி வைக்கப்படும். மறுநாள் சீக்கிரம் திறக்க வேண்டும் என்பதற்காக அந்தப் பழைய நிலையையே எடுத்து விரிக்கும். நேற்று டிரைவரில் ஏற்பட்ட குளறுபடியும் அதோடு சேர்ந்தே எழுந்து வரும். ரீஸ்டார்ட் அப்படி இல்லை. எல்லாவற்றையும் முழுமையாக இறக்கிவிட்டுப் புதிதாகத் தொடங்கும். பிரிண்டர் வேலை செய்யவில்லை, சத்தம் வரவில்லை, வைஃபை காணவில்லை என்று வருகிறவற்றில் பாதியை நான் சரிசெய்வது வெறும் ரீஸ்டார்ட்டால்தான். வாரத்துக்கு ஒருமுறை ஷட் டவுனுக்குப் பதில் ரீஸ்டார்ட் கொடுத்துப் பழகுங்கள். எஸ்எஸ்டி (சுழலும் பாகம் இல்லாத வேகமான டிஸ்க்) உள்ள கம்ப்யூட்டர் என்றால் கண்ட்ரோல் பேனலில் பவர் ஆப்ஷன்ஸுக்குள் போய் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பையே எடுத்துவிடலாம். திறக்கும் நேரத்தில் பெரிய வித்தியாசம் தெரியாது.

ரீஸ்டார்ட் செய்தும் மந்தமாகவே இருக்கிறதா? அதே டாஸ்க் மேனேஜரில் பிராசஸஸ் பகுதிக்கு வாருங்கள். சிபியு, மெமரி, டிஸ்க் என்று வரிசைகள் இருக்கும். மெதுவாக இருக்கும் அந்த நேரத்தில் எது உச்சத்தில் நிற்கிறது என்று பாருங்கள். நோய் எங்கே என்று அதுவே சொல்லிவிடும். மெமரி எப்போதும் 90 சதவீதத்துக்கு மேலேயே நின்றால், ராம், அதாவது ஓடும் வேலைகளைத் தற்காலிகமாக வைத்துக்கொள்ளும் இடம், போதவில்லை என்று பொருள். 4 ஜிபி ராமை வைத்துக்கொண்டு பிரவுசரில் இருபது டேப் திறந்தால் எந்தக் கம்ப்யூட்டரும் திணறும். டிஸ்க் மட்டும் 100 சதவீதத்தில் நின்று மற்றவை சும்மா இருந்தால், பெர்ஃபார்மன்ஸ் பகுதியில் டிஸ்க் பெயருக்குக் கீழே எச்டிடி என்று இருக்கிறதா, எஸ்எஸ்டி என்று இருக்கிறதா என்று பாருங்கள்.

எச்டிடி என்றால் உள்ளே ஒரு தட்டு நிமிடத்துக்கு 5,400 அல்லது 7,200 முறை சுழலும். ஒரு சிறிய கை அதன்மேல் இங்கும் அங்கும் போய்த்தான் ஒவ்வொரு துண்டுத் தகவலையும் எடுக்க வேண்டும். இன்றைய விண்டோஸ் ஒரே சமயத்தில் நூறு இடங்களில் தகவல் கேட்கிறது. ஒரே கையால் எத்தனை பேருக்குத்தான் பரிமாற முடியும்? எஸ்எஸ்டியில் சுழலும் பாகமே கிடையாது, கேட்டதும் வந்துவிடும். பழைய கம்ப்யூட்டருக்கு ஒரே ஒரு செலவுதான் செய்ய முடியும் என்றால் நான் எஸ்எஸ்டியைத்தான் சொல்வேன். புதிதாக வாங்கலாம் என்று முடிவெடுத்து வந்த பலர் இந்த ஒரு மாற்றத்தோடு பழையதையே எடுத்துப் போயிருக்கிறார்கள்.

டாஸ்க் மேனேஜரிலேயே 'ஸ்டார்ட்அப் ஆப்ஸ்' என்று ஒரு பகுதி உண்டு. கம்ப்யூட்டர் திறந்ததும் தானாக ஏறி உட்காரும் மென்பொருள்களின் பட்டியல் அது. எப்போதோ நிறுவிய பாட்டுக் கருவி, விளையாட்டு, மீட்டிங் ஆப் என்று தேவையில்லாதவற்றை டிசேபிள் செய்யுங்கள். டிசேபிள் செய்தால் அது அழிந்துவிடாது, கூப்பிடும்போது வரும், அவ்வளவுதான். ஆன்டிவைரஸ், டச்பேட், சவுண்ட் சம்பந்தப்பட்டவற்றை மட்டும் தொடாதீர்கள்.

'உங்கள் பிசியை ஒரே கிளிக்கில் வேகமாக்கும்' என்று விளம்பரம் வரும் கிளீனர் மென்பொருள்களை நிறுவாதீர்கள். ரெஜிஸ்ட்ரியை (விண்டோஸ் தன் அமைப்புகளை எழுதி வைக்கும் பதிவேடு) சுத்தம் செய்யும் கருவிகளுக்குத் தன் ஆதரவு இல்லை என்று மைக்ரோசாஃப்ட்டே சொல்லியிருக்கிறது. அவற்றால் வேகம் கூடி நான் பார்த்ததில்லை; விண்டோஸே திறக்காமல் போனதைப் பார்த்திருக்கிறேன். இடம் காலி செய்ய செட்டிங்ஸில் ஸ்டோரேஜ், அதற்குள் டெம்பரரி ஃபைல்ஸ் போதும். ஆனால் அந்தப் பட்டியலில் 'டவுன்லோட்ஸ்' என்றும் ஒரு வரி இருக்கும். பலர் தங்கள் முக்கியமான ஆவணங்களை எல்லாம் அந்த ஃபோல்டரிலேயே விட்டு வைத்திருப்பார்கள். அதில் டிக் போடுவதற்கு முன் ஒருமுறை உள்ளே போய்ப் பார்த்துவிடுங்கள்.

அடுத்தது 'வைரஸ்'. ஒரு கல்லூரி மாணவி லேப்டாப்பைக் கொண்டுவந்தாள். "அண்ணா, நிமிஷத்துக்கு ஒண்ணு வருது, பயமா இருக்கு" என்றாள். திரையின் வலது கீழ் மூலையில் 'உங்கள் கம்ப்யூட்டரில் 5 வைரஸ்கள் உள்ளன' என்று சிவப்புப் பெட்டி வந்துகொண்டே இருந்தது. ஆன்டிவைரஸ் இரண்டு போட்டுப் பார்த்திருக்கிறாள். எதுவும் கிடைக்கவில்லை, கிடைக்கவும் கிடைக்காது, ஏனென்றால் உள்ளே வைரஸே இல்லை. அந்தப் பெட்டியை உற்றுப் பார்த்தால் பிரவுசரின் பெயரும் ஒரு இணையதள முகவரியும் சின்ன எழுத்தில் தெரியும். ஏதோ ஒரு தளத்தில் 'நோட்டிஃபிகேஷன் அனுப்பலாமா' என்று கேட்டபோது அவசரத்தில் 'அலோ' கொடுத்திருக்கிறாள். அன்றிலிருந்து அந்தத் தளம் அனுப்பும் விளம்பரங்கள்தான் அவை. குரோமில் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் என்று போய், தெரியாத தளங்களை எல்லாம் நீக்கினோம். இரண்டு நிமிட வேலை. அந்தப் பெட்டியைச் சொடுக்கி, அது காட்டிய 'ஆன்டிவைரஸை' அவள் வாங்காமல் இருந்தது பெரிய விஷயம்.

இதைவிட மோசமானது, திரை முழுவதையும் அடைத்துக்கொண்டு, சைரன் சத்தத்தோடு, 'இந்த எண்ணுக்கு உடனே அழையுங்கள்' என்று வரும் எச்சரிக்கை. ஒன்றை மட்டும் மனதில் வையுங்கள்: விண்டோஸின் உண்மையான பிழைச் செய்தியில் தொலைபேசி எண் இருக்கவே இருக்காது. அழைத்தால் எதிர்முனையில் இருப்பவர் கம்ப்யூட்டரைத் தொலைவிலிருந்து இயக்கும் மென்பொருளை நிறுவச் சொல்வார். அடுத்து உங்கள் வங்கிக் கணக்கைத் திறக்கச் சொல்வார். பதற வேண்டாம். எஸ்கேப் பொத்தானைச் சிறிது நேரம் அழுத்திப் பிடித்தால் முழுத்திரை விலகும். விலகாவிட்டால் டாஸ்க் மேனேஜரைத் திறந்து பிரவுசரை 'எண்ட் டாஸ்க்' கொடுங்கள். மறுபடி திறக்கும்போது பழைய பக்கங்களை மீட்கவா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லிவிடுங்கள்.

வீட்டுக்கு வந்து வேலை பார்க்கும்போது யாரும் கேட்காமலே நான் செய்து கொடுக்கும் சின்ன மாற்றம் ஒன்று உண்டு. ஃபைல் எக்ஸ்புளோரரில் வியூ பகுதியில் 'ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ்' என்பதை டிக் செய்வது. விண்டோஸ் தனக்குத் தெரிந்த ஃபைல் வகைகளின் கடைசி எழுத்துகளை மறைத்துவிடும். 'பில்.பிடிஎஃப்' என்று தெரிவது உண்மையில் 'பில்.பிடிஎஃப்.இஎக்ஸ்இ' ஆக இருக்கலாம். அது பில் அல்ல, ஓடக்கூடிய புரோகிராம். 2000-ஆம் ஆண்டு மே மாதம் உலகெங்கும் பரவிய 'ஐ லவ் யூ' வைரஸ் இப்படித்தான் ஏமாற்றியது. காதல் கடிதம் என்ற பெயரில் டெக்ஸ்ட் ஃபைல் போலத் தெரிந்தது. கடைசியில் மறைந்திருந்த 'விபிஎஸ்' என்ற மூன்று எழுத்து கண்ணில் பட்டிருந்தால் பலர் அதைத் திறந்திருக்க மாட்டார்கள்.

அப்டேட்டைத் தள்ளிப் போடாதீர்கள் என்று நான் சொன்னால் "அது எப்பப் பார்த்தாலும் கேக்குது" என்று சலித்துக்கொள்கிறார்கள். சலிப்பு புரிகிறது. ஆனால் 2017 மே 12 அன்று வானாக்ரை என்ற ரான்சம்வேர் (ஃபைல்களைப் பூட்டிவிட்டுப் பணம் கேட்கும் மென்பொருள்) தாக்கி பிரிட்டனில் மருத்துவமனைகள் நோயாளிகளைத் திருப்பி அனுப்பும் நிலை வந்தபோது, அது நுழைந்த ஓட்டையை அடைக்கும் அப்டேட் வெளிவந்து இரண்டு மாதம் ஆகியிருந்தது. மார்ச் 14 அன்றே மைக்ரோசாஃப்ட் அதைக் கொடுத்துவிட்டது. விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபர் 14-உடன் முடிந்துவிட்டது என்பதையும் இங்கே சொல்ல வேண்டும். கம்ப்யூட்டர் நன்றாகத்தானே ஓடுகிறது என்று விட்டுவிடாமல், அது விண்டோஸ் 11-க்குத் தகுதியானதா என்று பாருங்கள்.

தினசரி வேலையைக் குறைக்கும் சில பொத்தான்களையும் சொல்லிவிடுகிறேன். விண்டோஸ் பொத்தானோடு வி அழுத்தினால், கடைசியாகக் காப்பி செய்த 25 விஷயங்கள் வரை பட்டியலாக வரும். முதல்முறை மட்டும் ஆன் செய்யச் சொல்லும். விண்டோஸ், ஷிஃப்ட், எஸ் சேர்த்தால் திரையில் வேண்டிய பகுதியை மட்டும் படமாக எடுக்கலாம். தவறி மூடிய பிரவுசர் டேப்பைக் கண்ட்ரோல், ஷிஃப்ட், டி திருப்பிக் கொண்டுவரும்.

லேப்டாப்பை மெத்தைமேல் வைத்து வேலை செய்யாதீர்கள். அடியில் காற்றுத் துவாரம் அடைபட்டுச் சூடேறினால், சிபியு தன்னைக் காத்துக்கொள்ளத் தானே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். டச்பேட் மேலே தூக்கிக்கொண்டு வந்தாலோ, அடிமூடி புடைத்தாலோ, அது பேட்டரி உப்பியதன் அடையாளம். சார்ஜரைக் கழற்றுங்கள்; லேப்டாப்பைப் பயன்படுத்துவதையே அப்போதே நிறுத்துங்கள். அமுக்கிப் பார்க்க வேண்டாம், தீப்பிடிக்கக்கூடியது அது.

கடைசியாக, பேக்கப். ஓர் இளம் தம்பதி எக்ஸ்டர்னல் ஹார்ட் டிஸ்க் ஒன்றைத் துணியில் சுற்றி எடுத்து வந்தார்கள். குழந்தை பிறந்ததிலிருந்து எடுத்த படங்கள் எல்லாம் அதில். "பேக்கப் எடுத்துத்தான் சார் வச்சிருந்தோம்" என்றார் கணவர். விசாரித்தால், மொபைலில் இடம் போதாமல் படங்களை டிஸ்குக்கு மாற்றியிருக்கிறார்கள். மாற்றியதும் மொபைலில் அழித்துவிட்டார்கள். அது பேக்கப் அல்ல, இடமாற்றம். இருந்தது ஒரே பிரதி. டிஸ்க் மேஜையிலிருந்து விழுந்திருக்கிறது. அதன்பின் ஒரு வாரம் திரும்பத் திரும்பச் செருகிப் பார்த்து, ரெக்கவரி மென்பொருளும் ஓட்டியிருக்கிறார்கள். காதருகே வைத்தபோது டக், டக் என்று சீரான சத்தம் வந்தது. உடனே வயரைப் பிடுங்கினேன். அந்தச் சத்தம் கேட்டால், உள்ளே அந்தச் சிறிய கை இடம் தெரியாமல் முட்டிக்கொண்டிருக்கிறது என்று பொருள். ஒவ்வொரு முறை மின்சாரம் கொடுக்கும்போதும் தட்டு கீறப்படலாம். ரெக்கவரி ஆய்வகத்துக்கு அனுப்பினோம். ஒரு பகுதி மீண்டது. முதல் பிறந்தநாள் அதில் இல்லை. அந்த அம்மா ஒன்றும் சொல்லாமல் வந்த படங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டிருந்தது எனக்கு இன்னும் மறக்கவில்லை.

முக்கியமானவற்றுக்கு மூன்று பிரதி, இரண்டு வெவ்வேறு சாதனத்தில், அதில் ஒன்று வீட்டுக்கு வெளியே. துறையில் இதை 3-2-1 என்பார்கள். வெளியே என்பது கூகுள் டிரைவாகவோ ஒன்டிரைவாகவோ இருக்கலாம். ஆனால் சிங்க் ஆகும் ஃபோல்டரை மட்டும் நம்ப வேண்டாம். இங்கே அழித்தால் அங்கேயும் அழியும். அவற்றின் குப்பைத் தொட்டியில் 30 நாள்தான் இருக்கும். எக்ஸ்டர்னல் டிஸ்கை வேலை முடிந்ததும் கழற்றி வையுங்கள். ரான்சம்வேர் வந்தால் செருகியிருப்பதையும் சேர்த்தே பூட்டிவிடும். எஸ்எஸ்டியில் அழித்ததை மீட்பது பெரும்பாலும் நடக்காது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

மைக்ரோசாஃப்ட் கணக்கோடு பயன்படுத்தும் பல புதிய லேப்டாப்களில் டிஸ்க் தானாகவே என்கிரிப்ட் ஆகிவிடுகிறது, அதாவது சாவி இல்லாமல் படிக்க முடியாதபடி பூட்டப்படுகிறது. மதர்போர்டு மாற்றினால் 48 இலக்க ரெக்கவரி கீ கேட்கும். அது உங்கள் மைக்ரோசாஃப்ட் கணக்கில் இருக்கும். கீயும் கையில் இல்லாமல், கணக்கின் பாஸ்வேர்டும் மறந்து, கணக்கை மீட்கவும் முடியாமல் போனால் உள்ளே இருப்பதை என்னாலும் எடுக்க முடியாது, எவராலும் முடியாது. சர்வீஸுக்குக் கொடுப்பதற்கு முன் அந்தக் கீயைக் காகிதத்தில் எழுதி வைத்துக்கொள்ளுங்கள்; பேக்கப் டிஸ்கைச் செருகி ஏதாவது ஒரு படத்தைத் திறந்து பாருங்கள். திறந்தால், தேவைப்பட்டால் ஃபார்மட் போடலாம்.