குட்டி ஈன்றதும் ஆட்டின் மோப்பம் ஏன் மாறுகிறது?

சினையாக இருக்கும் செம்மறி ஆட்டின் முன்னால் பனிக்குட நீரை வைத்தால் முகத்தைத் திருப்பிக்கொள்ளும். அந்த வாடையே அதற்கு ஆகாது. அதே ஆடு ஈன்ற கையோடு அதே நீரில் நனைந்து கிடக்கும் குட்டியை விடாமல் நக்குகிறது. இரண்டு மணி நேரத்துக்குள் தன் குட்டியின் வாசனையைத் தனியாகத் தெரிந்துவைத்துக்கொள்கிறது. அப்புறம் வேறு குட்டி மடியில் வாய் வைக்க வந்தால் முட்டித் தள்ளிவிடும்.

இந்த மாற்றம் எங்கே நடக்கிறது? மூக்கில் தேடினால் விடை பாதிதான் கிடைக்கும். காற்றில் மிதந்து வரும் மூலக்கூறுகள் மூக்கின் மேற்பகுதியில் உள்ள நரம்பு செல்களின் உணரிகளில் ஒட்டுகின்றன. நமக்கு ஏறக்குறைய 400 வகை உணரிகள். எலிக்கு ஆயிரத்தை ஒட்டி வரும். இவற்றுக்கான மரபணுக்களை 1991-ல் லிண்டா பக்கும் ரிச்சர்ட் ஆக்செலும் கண்டறிந்தார்கள். 2004-ல் அதற்கு நோபல் பரிசும் கிடைத்தது. இந்த செல்கள் மூளையின் முன்பக்க அடியில் இருக்கும் முகர்வுக் குமிழில் செய்தியைக் கொடுக்க, அங்குள்ள மைட்ரல் செல்கள் அதை வாங்கி மூளைக்குள் அனுப்புகின்றன.

மைட்ரல் செல்களுக்குப் பக்கத்திலேயே ஒரு தடுப்பு ஏற்பாடும் உண்டு. கிரானூல் செல்கள் எனப்படும் குட்டி செல்கள் காபா என்ற வேதிப்பொருளை விட்டு மைட்ரல் செல்களை அடக்கிவைக்கின்றன. எந்த வாசனைக்கு எவ்வளவு அடக்கம் என்பதில்தான் மூளை கைவைக்கிறது. மூளைத்தண்டில் உள்ள ஒரு சிறு செல் கூட்டம் நார்அட்ரினலின் என்ற வேதிப்பொருளைக் குமிழுக்கு அனுப்புகிறது. வேறு இடங்களிலிருந்து அசிடைல்கோலினும் செரட்டோனினும் வருகின்றன. இவை எதுவும் ‘இது மல்லிகை, இது மண்ணெண்ணெய்’ என்று சொல்வதில்லை. இப்போது எதைக் கவனிக்க வேண்டும், எதை மனதில் நிறுத்த வேண்டும் என்பதையே மாற்றுகின்றன.

சரி, ஆட்டுக்கு வருவோம். குட்டி பிறப்புப் பாதையை விரித்துக்கொண்டு வெளியே வரும்போது அந்த அழுத்தம் முதுகுத்தண்டு வழியாக மூளைக்குப் போகிறது. மூளைக்குள் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் சுரக்கிறது, குமிழில் நார்அட்ரினலின் ஏறுகிறது. கீத் கென்ட்ரிக், பேரி கெவர்ன் குழுவினர் இங்கிலாந்தில் ஆடுகளின் குமிழில் மைட்ரல் செல்களின் மின்துடிப்பைப் பதிவுசெய்து 1992-ல் முடிவை வெளியிட்டார்கள். ஈனுவதற்கு முன் அந்த செல்கள் பெரும்பாலும் தீவன வாசனைக்குத்தான் அசைந்தன. குட்டியின் வாசனையைச் சட்டைசெய்யவே இல்லை. ஈன்ற பிறகு பெரும்பகுதி செல்கள் குட்டி வாசனைக்குத் துடித்தன. சில செல்கள் சொந்தக் குட்டிக்கு மட்டும்! குமிழுக்கு வரும் நார்அட்ரினலின் நரம்புகளை அழித்துவிட்டால் தன் குட்டி, அயல் குட்டி என்று பிரித்துப் பார்க்கும் குணம் பல ஆடுகளில் உருவாவதில்லை.

எனக்கு இதைவிட வியப்பாக இருப்பது வேறொரு சோதனை. ஏற்கெனவே ஈன்று, தன் குட்டியோடு ஒட்டிக்கொண்ட ஆட்டுக்குப் பிறப்புப் பாதையில் செயற்கையாக அழுத்தம் கொடுத்தார்கள். கொஞ்ச நேரம் முன்புவரை முட்டித் தள்ளிய ஆடு, அயல் குட்டியையும் நக்கிச் சேர்த்துக்கொண்டது. தாய்ப்பாசத்தைப் பற்றி நாம் பேசுகிற பெரிய பேச்சுக்கு நடுவே இப்படி ஒரு பொத்தான் இருப்பது கொஞ்சம் சங்கடமான விஷயம்தான்.

பிறந்து பத்து நாள்கூட ஆகாத எலிக்குஞ்சுகளிலும் நார்அட்ரினலின் இதே வேலையைச் செய்கிறது. ஒரு வாசனையைக் காட்டி உடம்பைத் தடவிக்கொடுத்தால் குஞ்சு அந்த வாசனையை நாடி வரும். தடவலுக்குப் பதில் லேசான மின்னதிர்ச்சி கொடுத்தாலும் நாடியே வருகிறது! அந்த வயதில் தாயை விட்டால் கதியில்லை. வலி தருகிற தாயாக இருந்தாலும் ஒட்டிக்கொள்வதே பிழைக்கிற வழி.

பசி இன்னொரு கதை. பழ ஈயைப் பட்டினி போட்டால் அதன் இன்சுலின் இறங்குகிறது. உடனே முகர்வு நரம்புகளின் முனையில் ஒரு பெப்டைடுக்கான (குட்டிப் புரதத் துண்டுக்கான) உணரி கூடி, வினிகர் வாசனையின் செய்தி முதல் நிறுத்தத்திலேயே வலுப்பெறுகிறது. பாலூட்டிகளில் டோபமைன் என்ற வேதிப்பொருள் இதற்கு நேர்மாறு: குமிழுக்குள் நுழையும் நரம்பு முனைகளிலேயே செய்தியைக் குறைத்துவிடும்.

அதனால்தான் பார்க்கின்சன் நோயில் ஒரு புதிர். நடுக்கம் தெரியும் முன்பே பலருக்கு மோப்பம் போய்விடுகிறது. நோயில் அழிவது டோபமைன் செல்கள்தானே, குமிழிலும் அவை குறைந்திருக்கும் என்று நினைப்போம். நெதர்லாந்து ஆய்வாளர்கள் 2004-ல் எண்ணிப் பார்த்தபோது குமிழில் அவை கூடுதலாக இருந்தன. டோபமைன் செய்தியைக் குறைப்பதால், மோப்பம் மங்குவதற்கு அதுவே காரணமாக இருக்கலாம். பின்னால் வந்த கணக்குகளில் சில இதற்கு ஒத்துப்போகவில்லை. ஆனால் நோயாளிக்குக் கொடுக்கும், மூளையில் டோபமைனாக மாறும் லெவோடோபா மாத்திரை உடல் இறுக்கத்தைத் தளர்த்துகிறதே தவிர, போன மோப்பத்தைத் திருப்பித் தருவதில்லை.