கன்ட்ரி இசை: சொல்லும் பொருளும்

அமெரிக்காவின் கன்ட்ரி மியூசிக் என்பதைத் தமிழில் 'நாட்டுப்புற இசை' என்று எழுதிவிடுவது எளிது. சொல்லளவில் பழுதும் இல்லை. 'எதிரே விரிந்து கிடக்கும் நிலம்' எனப் பொருள்படும் இலத்தீன் 'கோன்ட்ராட்டா', பழைய பிரெஞ்சு வழியாக ஆங்கிலத்துக்கு வந்து 'கன்ட்ரி' ஆனது. தேசத்தையும் குறிக்கும், நகருக்கு வெளியே உள்ள ஊர்ப்பக்கத்தையும் குறிக்கும். நாடு, நாட்டுப்புறம் என்று நம்மிடமும் அதே இரட்டைப் பொருள் உண்டு. ஆனால் 'நாட்டுப்புற இசை' ஏற்கெனவே ஃபோக் இசைக்கு உரிய பெயராகிவிட்டது.

இரண்டும் ஒன்றல்ல. நாட்டுப்புறப் பாட்டு வாய்வழி வருவது. பெரும்பாலும் கட்டியவர் பெயர் தெரியாது. கன்ட்ரியோ இசைத்தட்டும் வானொலியும் வளர்த்த வணிக இசை. 1927இல் அமெரிக்காவின் டென்னசி–வர்ஜீனியா மாநில எல்லையில் உள்ள பிரிஸ்டல் ஊரில், விக்டர் இசைத்தட்டுக் கம்பெனிக்காகத் தயாரிப்பாளர் ரால்ஃப் பியர் பாட்டு ஒன்றுக்கு 50 டாலர் கொடுத்துப் பதிவுசெய்தார். பாடகர் ஜிம்மி ராட்ஜர்ஸும் 'கார்ட்டர் குடும்பம்' என்ற பாட்டுக் குழுவும் வெளியே தெரிந்தது அங்கேதான். பியருக்குப் பதிப்புரிமை வாங்கத்தக்க பாட்டு வேண்டும். அதனால் அக்குழுவின் ஏ. பி. கார்ட்டர் அப்பலாச்சிய மலைப்பகுதியில் அலைந்து பழம்பாட்டுகளைத் திரட்டி, மாற்றியமைத்து, தம் பெயரில் பதிவுசெய்தார். ஃபோக், கன்ட்ரியாக மாறிய இடம் இதுதான்.

இது வெள்ளையர் இசை என்பதும் பாதி உண்மையே. கதைப்பாடல்களும் ஃபிடில் என்னும் வயலினும் பிரிட்டன், அயர்லாந்திலிருந்து வந்தவை. பாஞ்சோ என்னும் நரம்புக் கருவி ஆப்பிரிக்க அடிமைகளின் கைவழி வந்தது. ஸ்டீல் கிட்டார் ஹவாயினுடையது. வெள்ளையர் தட்டுகளை 'ஹில்பில்லி' என்றும், கறுப்பினத்தவர் தட்டுகளை 'ரேஸ்' (இனம்) என்றும் கம்பெனிகள் தனித்தனியே பட்டியலிட்டு விற்றதில் எழுந்த பிரிவினை அது.

ஹில்பில்லி என்றால் ஏறக்குறைய 'மலைப்பட்டிக்காட்டான்'. பாடகர்கள் பலருக்கு அந்தப் பெயர் பிடிக்கவில்லை. அமெரிக்க இசைத்துறை இதழான பில்போர்ட் 1944இல் இவ்வகைக்குத் தனித் தரவரிசைப் பட்டியல் தொடங்கியபோது வைத்த பெயர் 'ஃபோக்'! (நம் குழப்பம் அவர்களுக்கும் இருந்திருக்கிறது.) 1949இல் அது 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' ஆனது, 1962இல் வெஸ்டர்ன் உதிர்ந்தது.

ஜாஸ், ப்ளூஸ் போல 'கன்ட்ரி இசை' என்று ஒலிபெயர்ப்பதே நல்லது. தமிழாக்கம் வேண்டுமென்றால் 'அமெரிக்க ஊர்ப்புற இசை' எனலாம். முதல் சொல்லை விட்டால் பொருள் கெடும். 'கன்ட்ரி அண்ட் வெஸ்டர்ன்' என்பதை 'மேற்கத்திய இசை' என்று பெயர்ப்பது பெரும்பிழை. அது தமிழில் ஐரோப்பியச் செவ்வியல் வரை எல்லாவற்றையும் இழுத்துவரும். இங்கே மேற்கு என்பது டெக்சஸ், ஓக்லஹோமா பக்கத்து மாட்டுப்பண்ணை நிலம்.